மின்னழுத்த ஏற்றிக்கான மின்தூண்டித் தேர்வு: கம்பம் பள்ளத்தாக்கின் சூரிய மின் இறைவையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

குறைந்த நேர்மின்னழுத்தத்தை உயர்ந்த நேர்மின்னழுத்தமாக மாற்றும் சுற்றில் மின்தூண்டியே ஆற்றலைத் தேக்கி விடுவிக்கும் உறுப்பு. அதன் மின்தூண்டல் எண்ணைக் கணக்கிடுவது எளிது. ஆனால் அந்த எண் எந்த மின்னோட்டத்திலும் எந்த வெப்பநிலையிலும் நிலைத்திருக்க வேண்டும் என்பதைச் சூழலே முடிவு செய்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் 5 குதிரைத்திறன் சூரிய மின் பம்புசெட்டு ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது. அதே மாவட்டத்தின் பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வுக்கூடத்தின் மின்வழங்கல் தேவை ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்டுள்ளது.

திறவுச்சொற்கள்: மின்தூண்டி, மின்னழுத்த ஏற்றி, உள்ளகம், தெவிட்டல், காற்றிடைவெளி, சூரிய மின் பம்புசெட்டு, தேனி.

முன்னுரை

மேற்கே ஏலமலையும் கிழக்கே வருசநாடு, மேகமலைத் தொடரும் அணைத்து நிற்கக் கூடலூர் முதல் தேனி வரை நீளும் நிலம் கம்பம் பள்ளத்தாக்கு. முல்லைப் பெரியாற்று நீர் பாயும் வயல்களுக்குப் பம்பு வேண்டியதில்லை. கால்வாய் எட்டாத மேட்டு நிலங்களில் நிற்கும் திராட்சை, தென்னை, வாழை, காய்கறி ஆகியவற்றுக்குக் கிணறும் ஆழ்துளைக் கிணறுமே துணை. இத்தகைய நிலங்களுக்காகத் தமிழ்நாடு வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தில் சூரிய மின் பம்புசெட்டுகளை அமைத்துத் தருகிறது. 2019ஆம் ஆண்டு நடுவண் அரசு தொடங்கிய பி.எம்.குசும் திட்டமும் இதனுடன் இணைந்து நடைபெறுகிறது.

தகடு, மோட்டார், குழாய் ஆகியவை கண்ணுக்குத் தெரிவன. இவற்றுக்கு இடையே தொங்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பவர் குறைவு. அப்பெட்டி பழுதாகும்போது பெரும்பாலும் எரிந்திருப்பது டிரான்சிஸ்டர். அதை மாற்றிவிட்டால் பம்பு ஓடும். சில வாரங்களில் மீண்டும் அதே இடத்தில் எரியும். மின்தூண்டியோ பார்வைக்குப் பழுதின்றி இருக்கும், மீட்டரில் அளந்தாலும் சரியான எண்ணையே காட்டும். இவ்வாறு பழுதின் காரணம் ஓரிடத்திலும் அடையாளம் வேறிடத்திலும் இருப்பதால் மின்தூண்டித் தேர்வு ஆராயத்தக்க பொருளாகிறது.

ஏற்றி இயங்கும் முறை

பூஸ்ட் கன்வெர்ட்டர் எனப்படும் மின்னழுத்த ஏற்றியில் மின்தூண்டி, டிரான்சிஸ்டர், டையோடு, மின்தேக்கி என நான்கு உறுப்புகளே முதன்மையானவை. கடைவீதியில் மின்தூண்டிக்குச் சோக் என்றே பெயர். டிரான்சிஸ்டர் கடத்தும்போது தகடுகளின் மின்னழுத்தம் முழுவதும் மின்தூண்டியின் மீது விழுகிறது. அதன் வழியே மின்னோட்டம் சீராக ஏறி, ஆற்றல் காந்தப் புலமாகச் சேர்கிறது. டிரான்சிஸ்டர் நின்றவுடன் மின்னோட்டம் உடனடியாக நிற்க இயலாது. ஓட்டத்தைக் காக்க முனையும் மின்தூண்டி தன் முனைகளில் புதிய மின்னழுத்தத்தை எழுப்ப, அது தகடுகளின் மின்னழுத்தத்தோடு கூடி டையோடு வழியாக வெளியீட்டு மின்தேக்கியை நிரப்புகிறது. பெட்டிக்குள் இது நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை நிகழும்.

ஒரு சுழற்சியில் டிரான்சிஸ்டர் கடத்தும் பகுதியை இங்குக் கடத்து விகிதம் எனக் கொள்ளலாம். மின்னோட்டம் சுழியைத் தொடாமல் தொடர்ந்து ஓடும் வரை, உள்ளீட்டு மின்னழுத்தத்தை ஒன்றிலிருந்து கடத்து விகிதத்தைக் கழித்து வருவதால் வகுக்க, வெளியீட்டு மின்னழுத்தம் கிடைக்கும். விகிதம் 0.5 எனில் மின்னழுத்தம் இருமடங்காகும்.

எடுத்துக்காட்டுக் கணக்கு

பின்வரும் எண்கள் ஒரு குறிப்பிட்ட தோட்டத்தில் அளந்தவையல்ல, விளக்கத்திற்காக அமைத்தவை. 5 குதிரைத்திறன், 415 வோல்ட், மும்முனை மோட்டார் ஒன்றுக்கு 4,800 வாட் தகடுகள் உள்ளன எனக் கொள்வோம். தகடு ஒன்று 300 வாட், 36 வோல்ட். எட்டுத் தகடுகள் கொண்ட தொடர்கள் இரண்டு. ஆய்வகத் தர நிலையில், அதாவது தகட்டின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸாக இருக்கையில், 288 வோல்ட்டும் 16.7 ஆம்பியரும் கிடைக்கும். 415 வோல்ட் மாறுமின்னழுத்தத்தின் உச்சம் 587 வோல்ட் ஆதலால் மோட்டாரை முழு வேகத்தில் ஓட்ட ஏறத்தாழ 600 வோல்ட் நேர்மின்னழுத்தம் தேவை. 288ஐ 600 ஆக்குவது ஏற்றியின் வேலை.

பதினாறு தகடுகளையும் ஒரே தொடராக இணைத்தால் 576 வோல்ட் கிடைக்குமே, ஏற்றி எதற்கு என்னும் கேள்வி நியாயமானது. பல நிறுவல்கள் அவ்வாறே அமைகின்றன. மின்தூண்டியைத் தவிர்ப்பதும் ஒரு நல்ல தேர்வே. ஆனால் சித்திரை வெயிலில் தகட்டின் வெப்பநிலை 65 டிகிரியைத் தொடும். டிகிரிக்கு 0.4 விழுக்காடு என்னும் அளவில் மின்னழுத்தம் சரிய, 576 வோல்ட் 484 ஆகிவிடும். நீர் மிகவும் தேவைப்படும் நாளில் மோட்டார் வேகம் குறையும். மேலும் நீண்ட தொடரில் ஒரு தென்னையின் நிழல் விழுந்தாலும் அதன் விளைவு தொடர் முழுவதையும் பாதிக்கும். குட்டையான இரு தொடர்களும் ஓர் ஏற்றியும் கொண்ட அமைப்புக்கு இவை தக்க காரணங்கள்.

மின்தூண்டல் எண்ணை முடிவு செய்வது மின்னோட்ட அலைவு. 16.7 ஆம்பியர் சராசரியின் மேல் ஏறி இறங்கும் அலைவு 4 ஆம்பியர் வரை இருக்கலாம், சுழற்சி நொடிக்கு 20,000 எனக் கொண்டால், உள்ளீட்டு மின்னழுத்தத்தைக் கடத்து விகிதத்தால் பெருக்கி, அதைச் சுழற்சி எண்ணும் அலைவும் சேர்ந்த பெருக்கத்தால் வகுக்க வேண்டும். வெளியீடு 600 வோல்ட்டில் நிலைத்திருக்கையில் மேலுள்ள பெருக்கம் விகிதம் 0.5 ஆகும்போது உச்சமடைகிறது: 300 × 0.5 = 150. எனவே 150 ÷ (20,000 × 4) = 0.001875 ஹென்றி, ஏறத்தாழ 1.9 மில்லி ஹென்றி. வெயிலேறி உள்ளீடு 242 வோல்ட்டுக்கு இறங்கினாலும் இப்பெருக்கம் 144 ஆகவே இருப்பதால் விடை பெரிதும் மாறாது.

பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. தேர்வு தொடங்குவதோ இதன் பிறகே.

மேக விளிம்பும் உச்ச மின்னோட்டமும்

சராசரி 16.7 ஆம்பியருடன் அலைவின் பாதியைக் கூட்ட உச்சம் 18.7 ஆம்பியர். இது தெளிந்த வானத்தின் நண்பகல் கணக்கு. தென்மேற்குப் பருவக் காற்று குமுளி மலையைத் தாண்டி இறங்கும் மாதங்களில் பள்ளத்தாக்கின் வானம் அவ்வாறு இருப்பதில்லை. மழை மலைக்கு அப்பால் கொட்டிவிட, இப்பக்கம் துண்டு மேகங்கள் விரைந்து கடக்கின்றன. கதிரவன் மேகத்தின் விளிம்பை விட்டு வெளிப்படும் கணத்தில் நேர்க்கதிருடன் மேக விளிம்பு சிதறிய ஒளியும் சேர்ந்து தகட்டின் மேல் விழும். சதுர மீட்டருக்கு 1,000 வாட் என்னும் தர அளவை அது சிறிது நேரம் 20 விழுக்காட்டுக்கு மேலும் தாண்டக்கூடும். மேக நிழலில் தகடு சற்றுக் குளிர்ந்தும் இருப்பதால் மின்னழுத்தமும் அப்போது உயர்ந்திருக்கும்.

தகட்டின் மின்னோட்டம் ஒளியளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பது. 25 விழுக்காடு கூடினால் சராசரி 20.9 ஆம்பியர், உச்சம் 23 ஆம்பியர். மின்தூண்டியில் தேங்கும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருபடியைப் பொறுத்தது. 18.7 ஆம்பியரில் 0.33 ஜூல் தேக்கினால் போதும். 23 ஆம்பியரில் 0.50 ஜூல் வேண்டும். ஒளியில் கால் பங்கு கூடினால் மின்தூண்டியின் பருமன் ஒன்றரை மடங்காக வேண்டும் என்பது இதன் பொருள். சுழற்சிதோறும் மின்னோட்டத்தை அளந்து எல்லையில் நிறுத்தும் கட்டுப்பாடு இருந்தால் அந்த எல்லைக்கேற்பத் தேர்ந்தால் போதும். அத்தகைய கட்டுப்பாடு இல்லையெனில் 23 ஆம்பியரையே கணக்கில் கொள்ள வேண்டும்.

காலையிலும் மாலையிலும் நிலை வேறு. சராசரி மின்னோட்டம் அலைவின் பாதிக்கும் கீழே, அதாவது 2 ஆம்பியருக்கும் கீழே சென்றால், மின்தூண்டி ஒவ்வொரு சுழற்சியிலும் வற்றிவிடும். மேற்சொன்ன எளிய விகிதம் அப்போது பொருந்தாது. இதைத் தவிர்க்க மின்தூண்டல் எண்ணைப் பெருக்க வேண்டும் என்பார் உண்டு. பம்புக்கு அது வீண் செலவு. 2 ஆம்பியர் என்பது முழு வெயிலில் 12 விழுக்காடு மட்டுமே. அந்தத் திறனில் ஆழ்துளைக் கிணற்று நீர் மேலே வராது. நீரே ஏறாத வேளைக்காகச் செம்பைக் கூட்டுவதில் பயனில்லை.

ஆற்றல் தங்கும் இடம்

இரும்போ ஃபெரைட்டோ ஆன உள்ளகத்தில்தான் ஆற்றல் தேங்குகிறது என்பது பரவலான எண்ணம். உண்மையில் உள்ளகம் பாயத்திற்கு எளிய வழி அமைத்துத் தருகிறது. ஆற்றலில் பெரும்பகுதி தங்குவது அதில் வெட்டப்பட்ட காற்றிடைவெளியில். ஒரு கன சென்டிமீட்டர் இடைவெளியில் எவ்வளவு தங்கும் என்பது காந்தப் பாய அடர்த்தியின் இருபடியைப் பொறுத்தது. 0.3 டெஸ்லாவில் 0.036 ஜூல், 1 டெஸ்லாவில் 0.4 ஜூல்.

ஃபெரைட்டைப் பாதுகாப்பாக 0.3 டெஸ்லா வரை இயக்கலாம். ஆகவே 0.33 ஜூலுக்கு 9 கன சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி தேவைப்படும். அதற்கேற்ற உள்ளகம் பருத்துப் போகும். இரும்பை அடிப்படையாகக் கொண்ட படிகமற்ற உலோக நாடா 1.5 டெஸ்லாவை ஒட்டியே தெவிட்டுவதால் 1 டெஸ்லாவில் அதை நம்பி இயக்கலாம். இடைவெளி ஒரு கன சென்டிமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கும். சாதாரண மின்மாற்றியின் சிலிக்கான் எஃகும் இதே அடர்த்தியைத் தாங்கும். ஆனால் 20 கிலோ ஹெர்ட்ஸில் சுழல் மின்னோட்டத்தால் கொதித்துவிடும். பழைய மின்மாற்றியின் தகடுகளைக் கொண்டு சோக் சுற்றிக்கொள்ளும் முயற்சி தோற்பதற்குக் காரணம் இதுவே.

மூன்றாவது வகை, உலோகத் தூளை மின்காப்புப் பூச்சுடன் அழுத்திச் செய்த வளையம். இரும்பு, சிலிக்கான், அலுமினியம் கலந்த செண்டஸ்ட் இவற்றுள் பெயர் பெற்றது. 1930களில் ஜப்பானின் செண்டாய் நகரில் உருவானதால் அப்பெயர். துகளுக்குத் துகள் உள்ள நுண்ணிடைவெளிகளே இதில் காற்றிடைவெளியாகப் பரவி நிற்கின்றன. இதன் சிறப்பு தெவிட்டும் முறையில் உள்ளது. ஃபெரைட் எல்லை வரை நிலையாக இருந்து, எல்லையைத் தாண்டியதும் திடீரெனச் சரியும். தூள் உள்ளகமோ மின்னோட்டம் ஏற ஏற மெல்ல மெல்லத் தளரும்.

அந்தத் திடீர்ச் சரிவின் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 288 வோல்ட்டை 1.9 மில்லி ஹென்றி தாங்கும்போது மின்னோட்டம் மைக்ரோ நொடிக்கு 0.15 ஆம்பியர் வீதம் ஏறும். தெவிட்டி எண் பத்தில் ஒன்றானால் மைக்ரோ நொடிக்கு 1.5 ஆம்பியர். சுழற்சியின் கடைசி 10 மைக்ரோ நொடியில் மட்டும் 15 ஆம்பியர் கூடிவிடும். அதைச் சுமப்பது டிரான்சிஸ்டர். முன்னுரையில் குறித்த மறுபடி மறுபடி எரியும் பழுதின் விளக்கம் இங்குள்ளது. மேகம் விலகும் அந்தச் சில நொடிகளே அதற்குப் போதும். மறுநாள் வந்து பார்ப்பவருக்கு மின்தூண்டி குற்றமற்றதாகவே தோன்றும். மின்னோட்டம் தணிந்தவுடன் உள்ளகம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதால், தெவிட்டல் தடயம் எதையும் விட்டுச் செல்வதில்லை.

வெப்பம்

பள்ளத்தாக்கின் தாழ்ந்த பகுதியில் கோடையில் 40 டிகிரியை நெருங்கும் நாள்கள் உண்டு. அத்தகைய நாளில் வெயிலில் நிற்கும் மூடிய உலோகப் பெட்டியின் உட்புறம் 60 டிகிரி எனக் கொள்வது மிகையாகாது. மின்தூண்டி தன் இழப்பால் இதன் மேல் இன்னும் 40 டிகிரி சூடேறினால் உள்ளகத்தின் வெப்பநிலை 100 டிகிரி.

மின்திறன் சுற்றுகளுக்கான ஃபெரைட் வகை ஒன்று 25 டிகிரியில் 0.49 டெஸ்லா வரை தாங்கினால், 100 டிகிரியில் 0.39 டெஸ்லாவிலேயே தெவிட்டிவிடும். குளிரூட்டிய ஆய்வகத்தில் 0.42 டெஸ்லாவில் பிழையின்றி ஓடிய வடிவமைப்பு உத்தமபாளையத்துத் தோட்டத்தில் நண்பகலில் எல்லை கடந்து நிற்கும். உலோகத் தூளும் படிகமற்ற நாடாவும் இவ்வளவு வெப்பத்திற்குப் பெரிதும் அசைவதில்லை. அவற்றில் கவனிக்க வேண்டியது இழப்பு. 1892இல் ஸ்டைன்மெட்ஸ் இரும்பின் காந்தத் தயக்க இழப்பைப் பாய அடர்த்தியின் 1.6 அடுக்கில் அமைத்தார். இன்றைய உயர் அதிர்வெண் உள்ளகங்களுக்கு அந்த அடுக்கு 2ஐத் தாண்டுகிறது. பாய அலைவு இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்குக்கும் மேல். அலைவை 40 விழுக்காடாகத் தளர்த்தினால் 1.1 மில்லி ஹென்றியே போதும், தேக்க வேண்டிய ஆற்றலும் 0.22 ஜூலாகக் குறையும். ஆனால் உருவம் சிறுத்த அந்த மின்தூண்டி உள்ளக இழப்பால் சூடேறும். குளிர்ந்த நாட்டில் ஆதாயமான இந்தப் பரிமாற்றம் இங்கு ஐயத்திற்குரியது.

செம்பும் சூட்டில் மாறும். சுற்றின் மின்தடை 25 டிகிரியில் 0.05 ஓம் எனில் 16.7 ஆம்பியரில் 14 வாட் வீணாகும். 105 டிகிரியில் மின்தடை 31 விழுக்காடு கூட, வீணாவது 18 வாட். 130 டிகிரி தாங்கும் மின்காப்புக்கு 25 டிகிரிச் சூழலில் 105 டிகிரி ஏற இடமுண்டு. 60 டிகிரிப் பெட்டியில் 70 டிகிரிக்கே இடமுண்டு. 155 டிகிரி வகையைக் கேட்டு வாங்குவதற்கு ஆகும் கூடுதல் செலவு பெரிதன்று. பெட்டியைத் தகடுகளின் நிழலில் மாட்டுவதற்குச் செலவே இல்லை.

சுழற்சி எண்ணை உயர்த்துவது இன்னொரு வழி. சிலிக்கான் கார்பைடு டிரான்சிஸ்டர் கொண்டு 100 கிலோ ஹெர்ட்ஸில் ஓட்டினால் 0.375 மில்லி ஹென்றி போதும், ஆற்றல் 0.066 ஜூலாகச் சுருங்கும்; ஃபெரைட் மீண்டும் தகுதி பெறும். டிரான்சிஸ்டரின் விலையும் அதைச் சிற்றூரில் மாற்றிக்கொள்ளும் வசதியும் அப்போது எடைபோட வேண்டியவை. குசும் திட்டத்தில் ஐந்து ஆண்டுப் பராமரிப்பு வழங்குநரின் பொறுப்பு. ஆறாம் ஆண்டு முதல் உதிரி உறுப்பு கிடைக்குமா என்பது உழவரின் கவலை.

சீட்டில் உள்ள எண்ணும் வேலை செய்யும் எண்ணும்

மின்தூண்டியின் மேல் ஒட்டியுள்ள எண் சில மில்லி ஆம்பியர் செலுத்தி, அறை வெப்பநிலையில் அளந்தது. தூள் உள்ளகத்தில் 3 மில்லி ஹென்றி என எழுதியிருப்பது 17 ஆம்பியரில் 1.9 மில்லி ஹென்றியாக இருக்கக்கூடும். அதில் குறையேதும் இல்லை, அதன் இயல்பே அது. 1.9 எனச் சீட்டு ஒட்டிய தூள் வளையத்தை வாங்கிப் பொருத்துவதே பிழை. தரவுத்தாளில் மின்னோட்டத்திற்கு எதிராக மின்தூண்டல் எண் சரியும் வரைகோடு இருக்கும். பார்க்க வேண்டியது அதைத்தான். பல தாள்களில் மின்னோட்ட வரம்பு இரண்டு இருக்கும். ஒன்று சூட்டுக்கானது, மற்றொன்று தெவிட்டலுக்கானது. முன்னதைச் சராசரி மின்னோட்டத்துடனும் பின்னதை உச்ச மின்னோட்டத்துடனும் ஒப்பிட வேண்டும். இரண்டையும் மாற்றி ஒப்பிடும் பிழை மாணவர் திட்டப்பணிகளில் எளிதில் நேர்வது.

வரைகோடு இல்லாத, உள்ளூரில் சுற்றிய மின்தூண்டிக்கும் சோதனை உண்டு. அறிந்த நேர்மின்னழுத்தத்தை டிரான்சிஸ்டர் வழியாக ஒரே துடிப்பாகக் கொடுத்து, மின்னோட்டம் ஏறும் கோட்டை அலைக்காட்டியில் காண வேண்டும். கோட்டின் சாய்விலிருந்து மின்தூண்டல் எண் கிடைக்கும். நேர்க்கோடு மேல்நோக்கி வளையத் தொடங்கும் இடம் தெவிட்டலின் தொடக்கம். மின்தூண்டியை 100 டிகிரி அடுப்பில் வைத்தெடுத்து மீண்டும் அளந்தால் கோடை நண்பகலின் உண்மை தெரிந்துவிடும். பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் அரை நாளில் முடியும் சோதனை இது.

உள்ளகமே கூடாத இடம்

இதுவரை பேசியது எந்த உள்ளகம் என்பதைப் பற்றி. பள்ளத்தாக்கின் வடமேற்கில், போடி மேற்கு மலையடிவாரத்துப் பொட்டிப்புரத்தில், அக்கேள்வியே வேறு வடிவம் கொள்கிறது. அங்குத் திட்டமிடப்பட்ட இந்திய நியூட்ரினோ ஆய்வுக்கூடத்திற்கு 2015 சனவரியில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மலைவளம், நீர், காட்டுயிர் வழித்தடம் ஆகியவற்றை முன்னிட்டு எதிர்ப்பு வலுத்தது. 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தன் மறுப்பைப் பதிவு செய்தது. சுரங்கம் தோண்டப்படவில்லை. அவ்வழக்கின் நியாயங்கள் தனியே ஆராயத்தக்கவை. இங்கு வேண்டுவது அக்கருவியின் வடிவமைப்பு மட்டும்.

ஏறத்தாழ 50,000 டன் இரும்புத் தகடுகளை அடுக்கி, 1.5 டெஸ்லா அளவில் காந்தமேற்றி, தகடுகளுக்கு இடையே உள்ள 4 சென்டிமீட்டர் இடைவெளிகளில் 28,000க்கும் மேற்பட்ட மின்தடைத் தகட்டு உணரிகளைச் செருகுவது அவ்வடிவமைப்பு. ஒவ்வோர் உணரிக்கும் 10,000 வோல்ட் அளவில் மின்னழுத்தம் வேண்டும். மின்னோட்டமோ மிகச் சிறிது. 12 வோல்ட்டிலிருந்து அதை ஒரே ஏற்றியால் பெற இயலாது. கடத்து விகிதம் 0.9988 ஆக வேண்டியிருக்கும். அதற்கு வெகு முன்னரே சுற்றின் மின்தடை ஏற்றத்தைத் தடுத்துவிடும். ஆகவே முதற்கட்ட ஏற்றமும் அதன்பின் டையோடு, மின்தேக்கி அடுக்குகளாலான பெருக்கியும் இணைந்தே அந்த உயரத்தை எட்ட முடியும்.

உயர் மின்னழுத்தத்தை வெளியிலிருந்து கம்பி வழியே கொண்டுவரலாம். அல்லது உணரியின் அருகிலேயே ஆக்கிக்கொள்ளலாம். இரண்டாவது வழியில் மின்தூண்டி காந்தமேற்றிய இரும்பை ஒட்டி அமர வேண்டும். பாயத்தில் பெரும்பகுதி இரும்பினுள் அடங்கினாலும், தகடுகள் சேருமிடங்களிலும் காந்தச் சுருள் நுழையும் வாய்களிலும் அது வெளியே கசியும். ஃபெரைட் போன்ற பொருள் சுற்றியுள்ள பாயத்தைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. தன் மின்னோட்டம் தொடங்குவதற்கு முன்பே அது பாதி நிறைந்திருந்தால், எஞ்சிய இடத்தில் கணக்கிட்ட ஆற்றல் தங்காது. பள்ளத்தாக்கின் பெட்டியில் வெயில் செய்வதை இங்குப் புறக்காந்தம் செய்கிறது.

ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தின் சி.எம்.எஸ். கருவியில் புலம் 3.8 டெஸ்லா. அதன் உணரிகளுக்கான மாற்றிகளில் காந்த உள்ளகம் அறவே இல்லாத காற்றுள்ளகச் சுருள்கள் இடம்பெற்றன. அவை மின்னழுத்தத்தைத் தாழ்த்தும் மாற்றிகள் எனினும், மின்தூண்டி குறித்த வாதம் மாறவில்லை. உள்ளகத்தைத் துறந்தால் தெவிட்டல் என்பதே இல்லை. ஈடாகச் சில நூறு நானோ ஹென்றியே கிடைக்கும். அதைச் சரிக்கட்டச் சுழற்சி எண் மெகா ஹெர்ட்ஸைத் தாண்ட வேண்டும். மேலே கண்ட 150 வோல்ட், 4 ஆம்பியர்க் கணக்கையே 1 மெகா ஹெர்ட்ஸில் போட்டால் 1.875 மில்லி ஹென்றி 37.5 மைக்ரோ ஹென்றியாகும். உள்ளகமற்ற சுருளின் புலம் வெளியே பரவி, மிக நுண்ணிய குறிகளை அளக்கும் உணரியைக் குழப்பும் என்பது அடுத்த சிக்கல். சுருளை வளைய வடிவில் சுற்றினால் புலம் பெரும்பாலும் வளையத்தினுள் அடங்கும். மேலே மெல்லிய செம்பு உறை போர்த்தினால் எஞ்சியதும் குறையும். பொட்டிப்புரத்து அடுக்கில் அந்த வளையம், உறை, மின்பலகை அனைத்தும் உணரியுடன் சேர்ந்து 4 சென்டிமீட்டர் இடைவெளிக்குள் அடங்க வேண்டும்; இல்லையேல் அடுக்கின் விளிம்புக்கு வெளியே, கசியும் பாயம் மிகுந்த இடத்தில் அமைய வேண்டும்.